பின்னால் நின்று எடுத்த படம்

ஜூலை 9

தம்பி,

உனக்கு இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். இது சமாதானக் கடிதம் இல்லை. எனக்கு உன்னிடமிருந்து ஒரு விவரம் வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

நேற்றுப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் வாரப் பத்திரிகைகள் கிடந்தன. வலியை மறக்கலாம் என்று ஒன்றைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் உன் படங்கள். 'நகரத்து முதுகுகள்' என்று தலைப்பு, கீழே உன் பெயர். மூடிவைக்கத்தான் போனேன். மூன்றாவது படத்தில் கை நின்றுவிட்டது.

ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணாந்து எதையோ பார்த்தபடி நிற்கிறார். இடது தோள் வலதைவிட ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. இருபது வருஷம் லிப்ட் ரிப்பேர் பெட்டியை இடது கையிலேயே தூக்கிய தோள் அது. சட்டைக் காலர் நைந்துபோய் நான் பிரித்துத் திருப்பித் தைத்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் கடைசி இரண்டு அங்குலத்துக்குச் சாம்பல் நூல் போட்டேன். அச்சில் அதெல்லாம் தெரியாது என்று நீ சொல்வாய். எனக்குத் தெரிகிறது.

நர்ஸ் கூப்பிட்டது காதில் விழவில்லை. பக்கத்தைக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பல்லைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது உன் அத்தான். "கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று அந்தச் சட்டையோடுதான் வாசலைத் தாண்டினார். பதினோரு மாதம் ஆகிறது. எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாமல் நானும் என் மகளும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நீயானால் அவருக்கு இரண்டடி பின்னால் நின்று படம் பிடித்திருக்கிறாய்!

போலீஸ் ஸ்டேஷனில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. "சமீபத்துல எடுத்த படம் ஒண்ணு குடுங்கம்மா" என்றார்கள். நீ எடுத்த படங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. குழாயைக் கழற்றுகிற அவர் கை. தூங்குகிற அவர் பாதம். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு போகிற அவர் முதுகு. முகம் ஒன்றுகூட இல்லை. "தம்பி போட்டோக்காரர்ங்கறீங்க, வீட்டுக்காரர் மூஞ்சி ஒண்ணு கிடையாதா?" என்று அந்த ஆள் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சுருட்டை முடிப் பையனைத் தேடினால் யார் கிடைப்பார்கள்? அன்று உன்னைப் பார்த்து நான் சொன்ன எதையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தத் தெருவில் எடுத்தாய், என்றைக்கு எடுத்தாய். இந்த இரண்டை மட்டும் எழுது. தையல் கூடத்துக்கு போன் செய்யாதே. ஆபீஸ் ரூமில் பத்துப் பேர் முன்னால் உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன்.

அக்கா


ஜூலை 13

அக்கா,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். திட்டி எழுதினாலும் எழுதினாயே. கூடவே வைத்திருந்த பக்கத்தின் ஜெராக்ஸ் நகலையும் பார்த்தேன்.

நீ என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஒரு விஷயம் மட்டும் சொல்லிக்கொள்கிறேன், சாக்கு என்று நினைக்காதே. இங்கே காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை எனக்கு முகம்தான் வேலை. "நேராப் பாருங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க, பாஸ்போர்ட்டுக்கு சிரிக்கக் கூடாது." கேமராவைப் பார்த்த நிமிஷமே எல்லாரும் வேறு யாரோ ஆகிவிடுகிறார்கள். முதுகுக்கு அந்தப் பயம் கிடையாது. அதனால்தான் கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் தெருவில் சுற்றி, பின்னால் நின்று எடுக்கிறேன். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. போயிருக்க வேண்டும்.

தேதி கேட்கிறாய். நான் தேதி எழுதி வைக்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும். நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் கிடக்கிறது. தேடிப் பார்க்க வேண்டும்.

நேற்றுக் காலை அந்த நகலை எடுத்துக்கொண்டு மொத்தக் காய்கறிச் சந்தைக்குப் போனேன். மூட்டை தூக்குகிறவர்களின் தோள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வரி ஆபீஸிலிருந்து வேவு பார்க்க வந்தவன் என்று ஒரு வியாபாரி நினைத்துவிட்டார். வெங்காயக் கூடைகளுக்கு நடுவே என்னைத் துரத்து துரத்து என்று துரத்தினார். ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது. நான் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். உடனே "அப்ப என் பொண்ணுக்கு ஒண்ணு எடுக்கணும், எங்க கடை?" என்று விலாசம் வாங்கிக்கொண்டார். இன்று படகுத் துறைக்குப் போனேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு மூன்று இடம் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் நீ எதையும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே அக்கா. ஒரு முதுகு மாதிரி இன்னொரு முதுகு இருக்கும்.

தம்பி


ஜூலை 18

தம்பி,

ஒரு முதுகு மாதிரி இன்னொன்று இருக்குமாம். உனக்கு இருக்கும். பத்தொன்பது வருஷம் ஒரே கட்டிலில் அந்த முதுகுக்குப் பின்னால் தூங்கி எழுந்தவளுக்கு இருக்காது.

ஆனாலும் நீ சந்தைக்குப் போனாய், துறைக்குப் போனாய். அதைப் படித்தபோது ஒரு வருஷத்துக் கோபம் கொஞ்சம் இளகியது, பொய் சொல்லமாட்டேன். மகளும் படித்தாள். செருப்பு போன கதைக்குச் சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தைக் காட்டினேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் "அப்பா" என்றாள். இப்போது அதைத் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

நான் யோசித்து வைத்திருப்பதைக் கேள். லிப்ட் ரிப்பேர் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. ஆனால் ஒரு பெண்ணின் கால் நசுங்கிய அந்த விபத்துக்குப் பிறகு அவர் லிப்ட் பக்கம் போகமாட்டார். அதனால் கிடங்கு, மரக்கடை, பட்டறை மாதிரி தரையோடு இருக்கிற வேலையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் கேள். இடது தோள் என்று சொல். அவசரமாகப் பேசமாட்டார் என்று சொல். கண்டுபிடித்தால் படம் எடுக்காதே, பிடித்து வை.

அவரை யாரும் குற்றம் சொல்லவில்லையே தம்பி. விசாரணையில் அவர்மேல் தப்பே இல்லை என்றுதானே எழுதினார்கள். அந்தப் பெண்ணே ஓடுகிற லிப்டின் கதவை இழுத்துத் திறந்துவிட்டாள் என்று தீர்ப்பு வந்துவிட்டதே. பிறகு எதற்காகப் போனார்? பதினோரு மாதமாக இதையே கேட்டுக் கேட்டு மண்டை காய்ந்துவிட்டது. அவர் வாயால் கேட்டால்தான் எனக்கு அடங்கும்.

கூடத்தில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டேன். இருபத்தாறாம் தேதி காலை பஸ்ஸில் நானும் மகளும் வருகிறோம். நீ தேடாத தெருவை நான் தேடுகிறேன். அவருடைய இன்னொரு சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தை முழுவதும் படி. பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

அந்தப் படத்தை நான் இந்த நகரத்தில் எடுக்கவில்லை. எங்கே எடுத்தேன், என்றைக்கு எடுத்தேன் என்று உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். டப்பாவில் தேட வேண்டிய அவசியமே இல்லை. சந்தைக்கும் துறைக்கும் போனது நிஜம். ஏதாவது அதிசயம் நடந்து அவர் எதிரே வந்துவிட்டால் இதை எழுதாமல் தப்பிக்கலாம் என்று போனேன்.

முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கூடவே வைத்திருக்கிறேன். பத்திரிகையில் நாலு பக்கமும் வெட்டி, அத்தானின் முதுகை மட்டும் போட்டார்கள். முழுப் படத்தில் என்ன இருக்கிறது என்று பார். நம் ஊர் பழைய ஆலையின் புகைபோக்கி. அது நடுவில் ஒடிந்து சாய்ந்துகொண்டிருக்கிறது. அத்தனை ஜனமும் அண்ணாந்து பார்க்கிறது. முன் வரிசையில் அத்தான். புகைபோக்கி விழுந்தது போன வருஷம் மார்ச் பதினாலு, காலை பதினொரு மணி. அது ஒரு தடவைதான் விழுந்தது அக்கா.

பதினாலாம் தேதி என்றால் உனக்குப் புரியும். அன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் அவர் விபத்து நடந்த அந்தக் கட்டடத்தில் லிப்டை சோதித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. விசாரணையில் அதைத்தான் உரக்கப் படித்தார்கள்.

முதல்நாள் சாயங்காலம் நான்தான் அவரைக் கூப்பிட்டேன். "வேலை இருக்கு மாப்ளே, அந்தக் கட்டடத்துக்கு மாசச் சோதனை" என்றார். "உங்க லிப்ட் நாளைக்கும் அங்கயேதான் தொங்கும் அத்தான். புகைபோக்கி ஒரு தடவைதான் விழும்" என்றேன். சிரித்தார். அவ்வளவு பெரிய சமாசாரத்தைக் கயிறும் வெடியும் வைத்து எப்படிச் சாய்க்கிறார்கள் என்று பார்க்க அவருக்கும் ஆசை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி வந்தார். விழுந்து முடிந்ததும் இருவரும் தலைமுடியெல்லாம் செங்கல் தூசியோடு டீ குடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டரைக்கு அந்தக் கட்டடத்து வாசலுக்குப் போனோம். மேலே போய்ச் சோதிக்க நேரம் இல்லை, அடுத்த வேலைக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலைல வந்து பார்த்துடறேன்" என்று காவலாளி அறையில் இருந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது. நேரம் என்ன போடுவது என்று யோசித்தபோது, "பதினொண்ணுன்னு போடுங்க அத்தான், அப்பதானே வந்திருக்கணும்" என்று சொன்னதும் நான்தான். மறுநாள் வேறு எங்கோ லிப்ட் நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. பத்தொன்பதாம் நாள் நாலாம் மாடியில் அந்தப் பெண் கால் எடுத்து வைக்கும்போது, கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் நகர்ந்து, அவள் கால் சிக்கிக்கொண்டது.

கதவு மூடாமல் லிப்ட் நகராதபடி ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்னப் பூட்டு உண்டு. அது தேய்ந்திருந்தது. அன்றைக்கு ஏறிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை. விசாரணையில், மார்ச் பதினாலில் பூட்டு சரியாக இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது, ஆகையால் அந்தப் பெண்ணே கதவை இழுத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் ஷூவைப் பார்த்தேன். உன் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஏன் போனார் என்று கேட்டாய். தப்பு இல்லை என்று சொன்னதால்தான் போனார் அக்கா. போலீஸ் ஸ்டேஷனில் நீ என்னைத் திட்டியபோது நான் வாய் திறக்காமல் நின்றதற்கும் அதுதான் காரணம். முகப் படம் இல்லாததற்காக நீ திட்டினாய். நான் வாங்க வேண்டியது அதைவிடப் பெரியது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஊரையும் விட்டேன்.

பத்திரிகைக்குப் பன்னிரண்டு படங்கள் கொடுத்தேன். அதில் இதை ஏன் சேர்த்தேன் என்று நீ கேட்பாய். ஆயிரம் முதுகுகளில் இதைத் தெரியாமல் எடுத்து வைத்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 2

படம் வந்தது.

புகைபோக்கி விழுந்தபோது தையல் கூடத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. சாயங்காலம் அவரிடம், "பாத்தீங்களா, ஊரே அதைத்தான் பேசுது" என்று கேட்டேன். "வேலைல இருந்தேன், சத்தம் மட்டும் கேட்டுச்சு" என்றார். அன்றைக்குத் தலைக்கு இரண்டு தடவை குளித்தார். வெயில் ஜாஸ்தி என்றார்.

மகளிடம், அது பழைய படம், மாமா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.  அவள் அந்தப் பக்கத்தைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நீ எனக்குச் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எட்டு நாள் அவளை நம்ப வைத்தாயே, அது எந்த ஊர் நியாயம்?

விசாரணை முடிந்து நடைபாதையில் வரும்போது அந்தப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டாம்மா, அவ கதவைத் தொடவே இல்லை" என்று அழுதாள். நான் கையை உதறினேன். "கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஏறினாளாம் உங்க பொண்ணு?" என்று கேட்டேன். எத்தனை பேர் முன்னால் கேட்டேன்! என் புருஷன் என் பக்கத்தில் நின்றிருந்தார். அதற்குப் பிறகு வீடு வரும் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு லேசாகி, வார்த்தை வராமல் இருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

இனி எழுதாதே. எனக்குப் படிக்கத் தெம்பில்லை.


ஆகஸ்ட் 19

அக்கா,

எழுதாதே என்றாய். இதை எழுதாமல் இருந்தால் இரண்டாம் தடவை வாயை மூடிக்கொண்ட பாவம் சேரும்.

அத்தான் வந்தார். நேற்றுச் சாயங்காலம், ஸ்டுடியோவுக்கு.

நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். அடுத்தவர், அடுத்தவர் என்று நான் யார் முகத்தையும் பார்க்காமல் ஸ்டூலைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து உட்கார்ந்தார். கேமராவில் கண்ணை வைத்து, "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றேன். இறக்கினார். அப்போதுதான் பார்த்தேன். முடி பாதி வெளுத்துவிட்டது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கண் மட்டும் அதேதான்.  "எடு மாப்ளே. ஒண்ணாவது இருக்கட்டும்" என்றார். எடுத்தேன்.

இந்த நகரத்தில்தான் இருந்திருக்கிறார், முதல் நாளிலிருந்தே. லிப்ட் சோதனைத் தலைமை அலுவலகம் இங்கேதானே இருக்கிறது. உண்மையைச் சொல்லத்தான் வீட்டிலிருந்து நேரே இங்கே வந்தாராம். ஓர் இரும்புக் கிடங்கில் எடை போடுகிற வேலை, கிடங்குக்குப் பின்னாலேயே தங்க ஓர் அறை. மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். "விபத்துக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இப்படித்தான் மனசு குழம்பும், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று மூன்று தடவையும் அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, அங்கே போகவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்களாம்.

என்னைச் சாட்சிக்கு ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "நீயா வருவேன்னு பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

பத்திரிகையை டீக்கடையில் பார்த்திருக்கிறார். தன் முதுகைத் தனக்கே அடையாளம் தெரியவில்லையாம். அதற்கு மேலே ஓர் ஓரமாக, சரியாக வெட்டுப்படாமல் விட்டிருந்த செங்கல் தூசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம்.

இன்று காலை கடையைத் திறக்காமல் முழுப் படத்தையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். புகைபோக்கி விழுந்த நாளையும் நேரத்தையும் அதிகாரி மறுக்கவில்லை. படத்தில் இருப்பது இவர்தான் என்பதை மறுக்கிறார். "முகமே இல்லையே சார். இந்த மாதிரி முதுகு ஆயிரம் பேருக்கு இருக்கும்" என்றார். நான் உனக்கு எழுதிய அதே வார்த்தையை எனக்கே திருப்பிச் சொன்னார். எடுத்தவன் நான் என்றேன். நான் கூட்டாளி, என் சொல் செல்லாதாம். கடைசியில், "இவர் சம்சாரம் வந்து, இது என் வீட்டுக்காரர்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். புருஷனைக் காட்டிக்குடுக்கற மாதிரி எந்தப் பொண்ணும் சும்மா பொய் சொல்லமாட்டா. அப்படின்னா நான் கோப்பைத் திறக்கறேன்" என்றார்.

திறந்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். மறைக்காமல் எழுதுகிறேன். அத்தானின் லைசென்ஸ் போகும், திரும்பக் கிடைக்காது. வழக்கு வரும். ஜெயில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். என் மேலும் வரும், அதை விடு.

உன்னிடம் கேட்கக் கூடாது என்று அத்தான் கண்டிப்பாகச் சொன்னார். "அவளை நான் எவ்வளவு படுத்திட்டேன். இதையும் அவ தலைல வைக்கணுமா?" என்றார். அப்படியானால் வீட்டுக்காவது போங்கள் என்றேன்.  "அந்தப் பொண்ணுதான் கதவைத் திறந்தாள்னு ஒரு காகிதம் இருக்கற வரைக்கும் என்னால அந்த வாசல்ல செருப்பைக் கழட்ட முடியாது மாப்ளே" என்றார்.

அவர் கேட்காதே என்றதை நான் கேட்கிறேன். நீ மாட்டேன் என்றாலும் எனக்குக் குறை சொல்ல வாய் கிடையாது. நேற்று எடுத்த முகத்தை உள்ளே வைத்திருக்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு அழுததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. மகள் அதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப அந்த அக்கா பொய் சொல்லலை" என்றாள். எனக்கு ஒரு வருஷமாக வராத புத்தி அவளுக்கு ஒரு நிமிஷத்தில் வந்தது.

உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நான் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தக் கட்டடத்தில் புது லிப்ட் போட்டிருக்கிறார்கள். நான் படியில் ஏறினேன். நாலு மாடி. அந்தப் பெண்ணின் அம்மாதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் சாத்தப் போனாள். "உள்ள விடச் சொல்லலை, இங்கயே நிக்கறேன்" என்றேன்.

அந்தப் பெண் ஊன்றுகோலோடு வந்தாள். பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடிக்கிற பெண், இருபத்தாறு வயதுதான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் விறைத்துப்போய் அப்படியே இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படிதானாம். புது லிப்ட் எதிரே வந்து நின்றால் வேர்த்துக் கொட்டுகிறதாம். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதாகச் சொன்னாள்.

படத்தைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "இதுல உங்க வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொன்னேன். அவளுக்கும் அந்தத் தேதி மனப்பாடம். படத்தைத் திருப்பித் தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் கதவைத் தொடலை. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். நீ தொடலை" என்றேன்.

அதற்கு அப்புறம் அவள் அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. ஒன்றரை வருஷத்தில் அதை அவளிடம் சொன்ன முதல் ஆள் நானாம். நடைபாதையில் கேட்டதற்கு அவள் அம்மாவின் காலைப் பிடிக்கக் குனிந்தேன். அந்த அம்மா விடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவளிடமே சொல்லிவிட்டு வந்தேன். இனி மனசு மாறினாலும் வழி இல்லை. பயமாக இல்லை என்று நினைக்காதே. மகளின் படிப்பு, வீடு, கூடத்தில் என் காது படப் பேசப்போகும் பேச்சு, எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கிறது. அவரை ஜெயிலில் போட்டால் என்ன செய்வேன் என்று ராப்பகலாய் யோசிக்கிறேன். ஆனால் இந்த வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்ற வேண்டும். வேறு வழியில் அது நடக்காது.

என்னை மன்னித்தாயா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. நீ அவரைக் கூட்டிக்கொண்டு போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார் என்றாயே, அதை நூறு தடவை படித்துவிட்டேன். நீ ஷூவைப் பார்த்தாயே, அதுதான் இறங்கமாட்டேன் என்கிறது. அதிகாரி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து சொல். அதற்குப் பிறகு பார்ப்போம்.

செப்டம்பர் மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். நான் மட்டும் இல்லை. அந்தப் பெண்ணும் வருகிறாள். "நான் கதவைத் தொடலைன்னு அவர் வாயால, அந்த ஆபீஸர் முன்னாடி சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கேக்கணும்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல யார்?

அந்த அலுவலகம் மூன்றாம் மாடி என்று, வீட்டில் இருக்கும் பழைய விசாரணைக் கடிதத்தின் தலைப்பில் பார்த்தேன். அவள் லிப்டில் வரமாட்டாள். அரை மணி நேரம் முன்னதாகவே கீழே வந்து நின்றுகொள்ளுங்கள். கேமராவைக் கடையிலேயே வைத்துவிட்டு வா, நீ ஊன்றுகோலைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். படியில் அவளுக்கு ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். இன்னொரு பக்கம் அவரைப் பிடிக்கச் சொல்.

அக்கா